ஜியோகேச்சிங்: முதல் டப்பாவைத் தேடிக் கிளம்புவதற்கு முன்

யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயோ மறைத்து வைக்கிறார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டுவிடுகிறார். நீங்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போய், தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வருகிறீர்கள். ஜியோகேச்சிங் என்றால் இவ்வளவுதான். பரிசு கிடையாது, போட்டி கிடையாது (எண்ணிக்கையை வைத்துப் போட்டி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் பாடு), பல டப்பாக்களில் ஒரு சுருட்டிய காகிதத்தைத் தவிர வேறெதுவும் இருக்காது. ஆனாலும் உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இப்படி ஒளிந்து கிடக்கின்றன, அவற்றைத் தேடிக்கொண்டு ஆட்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் பலரும் ஜிபிஎஸ் நேராக டப்பாவின் தலைமேல் கொண்டுபோய் நிறுத்திவிடும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நிறுத்தாது. கிளம்பும் முன் அந்தக் கேச்சின் (இப்படி ஒளித்துவைத்த டப்பாவைத்தான் கேச் என்பார்கள்) இணையப் பக்கத்தை ஒழுங்காகப் படிப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி, கடைசிப் பத்து மீட்டரில் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுவது. இடையில் நடக்கிற தூரத்துக்குத்தான் போன் தேவை. இந்த இரண்டையும் பற்றித்தான் கீழே நிறைய எழுதியிருக்கிறேன், மற்றதெல்லாம் போகப்போகத் தானாக வந்துவிடும்.

இது எப்படி ஆரம்பித்தது

2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலங்கலாக வைத்திருந்தது. சாதாரண ஜிபிஎஸ் கருவி 100 மீட்டர் வரை தப்பாகக் காட்டும். அப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு ஒரு டப்பாவைத் தேடுவது நடக்கிற காரியமா? மே 2 அன்று அந்தக் கலங்கலை நீக்கினார்கள். மறுநாளே, மே 3-இல், டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியில் புத்தகம், வீடியோ, கொஞ்சம் பணம், ஒரு உண்டிவில், ஒரு அவரை டின் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டு, மண்ணில் பாதி புதைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். சில நாட்களிலேயே ஆட்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்றைய விதிகளின்படி பார்த்தால் அந்த முதல் கேச்சுக்கே அனுமதி கிடைத்திருக்காது: மண்ணைத் தோண்டக்கூடாது, உணவுப்பொருள் வைக்கக்கூடாது. இரண்டு விதிக்கும் காரணம் அனுபவம்தான். ஒன்று நிலத்தைக் கெடுக்கும், இன்னொன்று விலங்குகளை வரவழைக்கும்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோகேச்சிங்.காம் தளம் வந்தது. இன்றைக்கும் பெரும்பாலான கேச்சுகள் அங்கேதான் பதிவாகின்றன.

கணக்கு, செயலி

ஜியோகேச்சிங்.காமில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். பயனர் பெயர் சின்னதாக இருக்கட்டும். இது வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் சுண்டுவிரல் அகலக் காகிதத்தில் அந்தப் பெயரை நூறு தடவை எழுதப்போவது நீங்கள்தான். இருபது எழுத்தில் பெயர் வைத்துவிட்டு விரல்நுனி அளவே இருக்கும் ஒவ்வொரு நானோ கேச்சிலும் திண்டாடாதீர்கள்.

செயலிக்கு, அந்தத் தளத்தின் சொந்தச் செயலியே ஆரம்பத்துக்குப் போதும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் பலர் சி:ஜியோ என்ற இலவசச் செயலியைப் பயன்படுத்துகிறார்கள், ஐபோன்காரர்களுக்குக் கேச்லி இருக்கிறது. தனியாக ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். நாள் முழுக்கக் காட்டுக்குள் அலைகிறவர்களுக்கு, மழையில் நனைந்தாலும் கீழே விழுந்தாலும் தாங்குகிற, பேட்டரி நீடிக்கிற அந்தக் கருவி பயன்படும். உங்கள் முதல் கேச்சுகளுக்குக் கையிலிருக்கும் போனே தாராளம்.

பணம் கட்டும் உறுப்பினர் திட்டமும் உண்டு. இலவசக் கணக்கில் சில கேச்சுகளின் விவரம் பூட்டியபடி தெரியும், அதைப் பார்த்தவுடன் பணம் கட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இலவசமாகத் திறந்திருக்கும் கேச்சுகளில் சிலவற்றையாவது கண்டுபிடித்த பிறகு, இந்தப் பழக்கம் உங்களுக்கு ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

முதல் கேச்சைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வரைபடத்தைத் திறக்கிறார்கள், வீட்டுக்கு மிக அருகில் எது இருக்கிறதோ அதை நோக்கிப் புறப்படுகிறார்கள், ஒரு மணிநேரம் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள், அப்புறம் அந்தச் செயலியைத் திறப்பதே இல்லை. அருகில் இருக்கிறது என்பதற்காக எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். பக்கத்தைத் திறந்து கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

முதலில் வகை. வரைபடத்தில் பச்சை நிறத்தில் தெரிவது டிரெடிஷனல், அதாவது கொடுத்திருக்கும் எண்களிலேயே டப்பா இருக்கும் என்று அர்த்தம். நீல நிறக் கேள்விக்குறி என்றால் மிஸ்டரி. அங்கே காட்டும் இடத்தில் பெரும்பாலும் எதுவுமே இருக்காது, ஒரு புதிரை விடுவித்தால்தான் உண்மையான இடம் தெரியும். இது தெரியாமல் கேள்விக்குறி இருக்கும் இடத்தில் போய்ப் புதரைக் கிளறிக்கொண்டிருக்கிறவர்கள் எப்போதும் உண்டு. முதல் சில தடவைகளுக்குப் பச்சையை மட்டும் தொடுங்கள்.

அடுத்தது அளவு. மைக்ரோ என்றால் 100 மில்லிக்கும் குறைவு, பழைய ஃபிலிம் டப்பி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலேயே நானோ என்று ஒன்று உண்டு, விரல்நுனி அளவு. ஸ்மால் ஒரு லிட்டர் வரை, ரெகுலர் அதற்கு மேல் 20 லிட்டர் வரை, அதையும் தாண்டினால் லார்ஜ். புதியவருக்கு ஸ்மால் அல்லது ரெகுலர்தான் சரி. மைக்ரோவை நகரத்தில் தேடுவதாவது பரவாயில்லை, ஒளித்துவைக்க நாலைந்து இடம்தான் இருக்கும். மரங்கள் அடர்ந்த இடத்தில் மைக்ரோ என்று பார்த்தால் அனுபவசாலிகளே பெருமூச்சு விடுவார்கள்.

மூன்றாவது, டி, டி என்று இரண்டு எண்கள். ஒன்று டிஃபிகல்டி, தேடுவது எவ்வளவு கடினம் என்பது. இன்னொன்று டெரெய்ன், அங்கே போய்ச் சேருவது எவ்வளவு கடினம் என்பது. இரண்டும் 1-இலிருந்து 5 வரை, அரை அரையாக ஏறும். டெரெய்ன் 1 என்றால் சக்கர நாற்காலியில் போகிறவரும் எட்டலாம். 5 என்றால் படகோ, கயிறோ, முங்குநீச்சல் கருவியோ தேவைப்படும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2008-இல், விண்வெளிக்குச் சுற்றுலா போன ரிச்சர்ட் கேரியட் வைத்த கேச் ஒன்று இருக்கிறது, அதற்கும் டெரெய்ன் 5தான். அதற்குமேல் கொடுக்க எண் இல்லை. நீங்கள் இரண்டிலும் 1 அல்லது 1.5 உள்ளதைப் பாருங்கள். டிஃபிகல்டி எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அதைப் போடுவது ஒளித்துவைத்தவரே. சிலருக்குத் தங்கள் மறைவிடம் மிக எளிது என்ற எண்ணம் இருக்கும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது, லாக்குகள். ஒவ்வொரு கேச்சின் பக்கத்திலும் இதுவரை தேடியவர்கள் எழுதிவிட்டுப் போன குறிப்புகள் இருக்கும். மேலே இருக்கும் நான்கைந்தை மட்டும் படித்தால் போதும். கடந்த மாதத்தில் இரண்டு பேர் கண்டுபிடித்திருந்தால் டப்பா அங்கே இருக்கிறது என்று நம்பிப் போகலாம். வரிசையாக மூன்று நான்கு பேர் 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தால், அதிலும் அவர்களில் ஒருவர் ஆயிரக்கணக்கில் கண்டுபிடித்தவராக இருந்தால், டப்பா அநேகமாகத் தொலைந்துபோயிருக்கும். அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். லாக்குகளில் வேறு செய்திகளும் சிந்திக் கிடக்கும். 'நல்லவேளை, கூட என் மகள் இருந்தாள், எனக்கு எட்டவே இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தால் டப்பா சின்னப் பொந்துக்குள்ளோ தாழ்வாகவோ இருக்கிறது. 'முதுகு வலிக்காமல் எடுத்த அபூர்வமான கேச்' என்றால் கண் மட்டத்தில் பார்க்க வேண்டும். எழுதியவருக்கே தெரியாமல் நிறையச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

கிளம்பும் முன்

எண்களின் வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் செயலியை விட்டு வெளியே வந்து வேறு வரைபடத்தில் கையால் அடிக்கும்போது எல்லாம் குழம்பிப்போகும். ஜியோகேச்சிங்கில் எண்கள் பாகையும் நிமிடமுமாக இருக்கும், நிமிடத்தில் மூன்று தசம இடம் வரும். டேவ் உல்மர் வாளி வைத்த இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: வடக்கு 45° 17.460', மேற்கு 122° 24.800'. இந்த 17.460 நிமிடத்தை 60-ஆல் வகுத்தால் 0.291 பாகை, ஆக அது 45.291 பாகை. நிமிடம் என்பதைக் கவனிக்காமல் 45.17460 என்று அடித்துவிட்டால் வடக்கு தெற்காக மட்டுமே சுமார் 13 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள். அட்சரேகையில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் கிட்டத்தட்ட 1.85 மீட்டர் நகரும். அதற்குமேல் துல்லியமாகச் சொல்ல இந்த எண்களால் முடியாது.

கேச்சின் விவரத்தையும் வரைபடத்தையும் ஆஃப்லைனில் சேமித்துக்கொள்ளுங்கள். நல்ல மறைவிடங்களுக்கும் மொபைல் சிக்னலுக்கும் பெரும்பாலும் ஆகாது. ஜிபிஎஸ் வேலை செய்ய இணையம் தேவையில்லை, ஆனால் வரைபடமும் ஹின்ட்டும் திறக்காமல் போனால் நடுவழியில் நிற்பீர்கள். ஹின்ட் என்பது ஒளித்துவைத்தவர் கொடுக்கும் சின்னத் துப்பு. இணையதளத்தில் ஆங்கில எழுத்துகளை 13 இடம் தள்ளிப்போட்டு மறைத்திருப்பார்கள், ஒரு தட்டு தட்டினால் விரியும். முதல் தடவை போகிறீர்கள் என்றால் ஹின்ட்டைப் படித்துவிட்டே போங்கள். அது ஏமாற்று வேலை ஒன்றுமில்லை, படிக்கத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பையில் ஒரு பேனா கண்டிப்பாக இருக்கட்டும், சின்ன டப்பாக்களில் பேனா வைக்க இடமே இருக்காது. பென்சிலும் இருந்தால் ஈரமான தாளில் உதவும். பவர் பேங்க், தண்ணீர், டார்ச். டார்ச் இரவுக்காக அல்ல, பட்டப்பகலில் இருட்டுப் பொந்துக்குள் அடித்துப் பார்க்க. சின்ன இடுக்கி ஒன்று இருந்தால் பிறகு என்னை நினைத்துக்கொள்வீர்கள். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் ஒரு ஆளிடம் சொல்லிவிடுங்கள்.

போகும் வழி

செயலியின் அம்புக்குறி காட்டுவது பறவை போகும் தூரம். 200 மீட்டர் என்று சொல்லும், நடுவில் ஆறு ஓடும். அதனால் தொலைவில் இருக்கும்போது அம்புக்குறியை மறந்துவிட்டு, வரைபடத்தில் பாதை எது, பாலம் எங்கே, நுழைவாயில் எங்கே என்று பார்த்து நடங்கள். பல பக்கங்களில் வண்டி நிறுத்துமிடம், நடைபாதை தொடங்குமிடம் என்று துணைப் புள்ளிகள் கொடுத்திருப்பார்கள். கொடுத்திருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள், அவர் நடந்து போன வழி அது. வேலி தாண்ட வேண்டும், தண்டவாளத்தைக் கடக்க வேண்டும் என்று தோன்றினால் நீங்கள் தப்பான பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பத்து மீட்டர்

திறந்த வானத்துக்குக் கீழே போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் சரியாக இருக்கும். தலைக்கு மேல் அடர்ந்த மரமோ, பக்கத்தில் உயரமான சுவரோ பாறையோ இருந்தால் சிக்னல் அதில் மோதித் திரும்பி வரும், பிழை கூடும். அது உங்கள் போனின் பிழை. ஒளித்துவைத்தவரின் கருவிக்கும் அன்றைக்கு அதே அளவு பிழை இருந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 'பூஜ்ஜியம் மீட்டர்' என்று போன் சொல்லும் இடத்திலிருந்து டப்பா பத்து மீட்டர் தள்ளி இருப்பது சாதாரணம். இது புரியாதவர்கள் செய்வதைப் பார்த்தாலே தெரியும்: போனைப் பார்த்தபடி மூன்று எட்டு முன்னால், எண் கூடுகிறது, நாலு எட்டு பின்னால், அம்பு சுழல்கிறது, அப்படியே வட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். 15 மீட்டர் இருக்கும்போதே நின்றுவிடுங்கள். அரை நிமிடம் அசையாமல் இருந்தால் எண் ஓரளவு நிலைக்கும். அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்த்து அந்தத் திசையில் ஒரு மரத்தையோ கல்லையோ குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் கொஞ்ச தூரம் நடந்துபோய் அங்கிருந்தும் இதேபோல ஒரு தடவை பாருங்கள். இரண்டு கோடும் எங்கே வெட்டுகிறதோ அதைச் சுற்றித்தான் தேட வேண்டும். அம்பு கண்டபடி சுற்றினால் போனின் காந்தத் திசைகாட்டி குழம்பியிருக்கிறது. போனைக் காற்றில் எட்டுப் போட்டு ஆட்டினால் சரியாகும், காந்த மூடியுள்ள உறை போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். சரி, இடம் தெரிந்துவிட்டது. இனி போன் பைக்குள்.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த இடத்தில் நான் ஒரு டப்பாவை ஒளிக்க வேண்டுமென்றால் எங்கே ஒளிப்பேன்?' என்பது. சுற்றிலும் இருநூறு மரங்கள் இருக்கும், ஆனால் அடியில் பொந்து உள்ளது ஒன்றுதான் இருக்கும். இயற்கை எதையும் வரிசையாக அடுக்காது. ஒரே நீளத்தில் ஐந்தாறு குச்சிகள் ஒன்றுக்கொன்று இணையாகப் படுத்திருந்தால் அவை தானாக விழவில்லை, யாரோ வைத்தது, அவற்றைத் தூக்கிப் பாருங்கள். சுற்றியுள்ள கற்களில் எல்லாம் பாசி படிந்திருக்க, ஒன்று மட்டும் சுத்தமாக இருந்தால் அதைத் தட்டிப் பாருங்கள், பிளாஸ்டிக் சத்தம் வரலாம். புல் மிதிபட்டு, பாதையிலிருந்து ஒற்றையடித்தடம் ஒன்று பிரிந்து ஒரே மரத்தடியில் முடிந்தால், உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் வழி போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நகரத்தில் இரும்பு எங்கிருக்கிறதோ அங்கே காந்தம் ஒட்டிய டப்பா இருக்கும்: பெஞ்சுக்கு அடியில், கைப்பிடிக் கம்பியின் உள்பக்கம், பலகைக்குப் பின்னால். அங்கே கண்ணைவிட விரல்தான் முதலில் கண்டுபிடிக்கும். எல்லோரும் தரையையே பார்ப்பார்கள். நிமிர்ந்து, கிளைகளில் ஏதாவது தொங்குகிறதா என்றும் பாருங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொந்துக்குள் கையை விடாதீர்கள். முதலில் டார்ச், அப்புறம் குச்சி, அப்புறம்தான் கை. பாம்பு, தேள், குளவி எல்லாவற்றுக்கும் அதே மாதிரி இடங்கள்தான் பிடிக்கும். எதையும் தோண்ட வேண்டாம், கிளையை ஒடிக்க வேண்டாம், கற்சுவரில் கல்லைப் பிடுங்க வேண்டாம். மின்பெட்டி என்றால் தொடவே வேண்டாம், திருகைக் கழற்ற வேண்டிய எதுவும் கேச் இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

அரை மணிநேரம். அதற்குள் கிடைக்கவில்லை என்றால் லாக்குகளை இன்னொரு தடவை படியுங்கள், புகைப்படம் போட்டிருந்தால் பாருங்கள், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். இன்னொரு நாள் வேறு வெளிச்சத்தில் போனால் கண்ணெதிரேயே இருக்கும்.

வேடிக்கை பார்க்கிறவர்கள்

இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களை மகிள் என்பார்கள். அவர்கள் பார்வையில் நீங்கள் ஒரு பெஞ்சுக்கு அடியில் கை விட்டுத் துழாவுகிற சந்தேகத்துக்கிடமான ஆள். அவர்கள் பார்த்துவிட்டால், நீங்கள் போன பிறகு டப்பாவை எடுத்துத் தூக்கிப்போட வாய்ப்பிருக்கிறது. கேச்சுகள் காணாமல் போவதற்கு இது முக்கியக் காரணம். அதனால் யாராவது கடந்து போகும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள், போனில் பேசுவது போல நில்லுங்கள், ஷூ கயிற்றைக் கட்டுங்கள். ரொம்பவும் ஒளிந்து மறைந்து செய்தால்தான் சந்தேகம் வரும், சாதாரணமாகச் செய்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காவலாளியோ போலீஸோ வந்து கேட்டால் மட்டும் கதை கட்டாதீர்கள், செயலியைத் திறந்து காட்டி உண்மையைச் சொல்லிவிடுங்கள். சிறுவர்கள் விளையாடும் இடங்கள், பள்ளிக்கூடங்கள் அருகே தனியாகப் போய்த் தேடுவதைத் தவிர்ப்பது நல்லது.

கிடைத்த பிறகு

டப்பா எப்படி இருந்தது என்பதை எடுக்கும் முன் மனதில் பதித்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வைக்கும்போது அதே ஆழத்தில், அதே பக்கம் திரும்பி, அதே இலைதழை மூடி இருக்க வேண்டும். 'இன்னும் நல்ல இடமாக' மாற்றி வைப்பது தப்பு, அடுத்தவருக்கு ஹின்ட் பொருந்தாமல் போகும்.

நானோ கிடைத்தால் நிதானமாகத் திறங்கள். விரல்நுனி அளவு உலோக உருளை, மூடியைத் திருகினால் உள்ளே நூல் கண்டு போல இறுக்கமாகச் சுற்றிய காகித நாடா இருக்கும். அதை வெளியே எடுக்கத்தான் இடுக்கி. காற்றடிக்கும்போது திறந்தால் நாடா பறந்துவிடும். கடைசியாகக் கையெழுத்திட்ட இடம் வரை விரித்து, தேதியும் பெயரும் எழுதி, விட்ட இடத்திலிருந்து முன்பைவிட இறுக்கமாகச் சுற்ற வேண்டும்; தளர்வாகச் சுற்றினால் உள்ளே நுழையாது. மூடி வட்டமான ரப்பர் வளையத்தோடு இருந்தால் அது ஓரத்தில் பிதுங்காமல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது பிதுங்கினால் அடுத்த மழையில் தாள் கூழாகிவிடும்.

பெரிய டப்பாவில் சின்னச் சின்னப் பொருட்கள் இருக்கலாம், பொம்மை, நாணயம், சாவிக்கொத்து மாதிரி. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் முக்கியம். ஒன்றை எடுத்தால் அதே மதிப்புள்ளதோ கூடுதலானதோ ஒன்றை வையுங்கள். எதுவும் கொண்டுபோகவில்லை என்றால் எதையும் எடுக்காதீர்கள். தின்பண்டம், மது, கத்தி, தீப்பெட்டி, மருந்து எதுவும் உள்ளே போகக்கூடாது.

உலோகத் தகட்டில் எண் பொறித்த ஒன்று கிடைத்தால் அது பரிசுப் பொருள் இல்லை. டிராவல் பக் என்பார்கள், கேச்சிலிருந்து கேச்சுக்குப் பயணம் செய்ய யாரோ அனுப்பியது. அடுத்த கேச்சுக்குக் கொண்டுபோய் விட முடியும் என்றால் மட்டும் எடுங்கள், எடுத்ததையும் விட்டதையும் அந்த எண்ணை வைத்து இணையத்தில் பதிவு செய்யுங்கள். எண்ணைப் படமெடுத்து யாரும் பார்க்கும்படி போட்டுவிடாதீர்கள். 2021-இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியில்கூட இப்படி ஒரு எண் இருக்கிறது, அதை மட்டும் யாரும் எடுத்துப் போக முடியாது.

லாக் எழுதுவது

தாளில் பெயர் எழுதினால்தான் 'கண்டுபிடித்தேன்' என்று இணையத்தில் போடலாம். மரத்தின் மேல் டப்பா தெரிகிறது, ஏற முடியவில்லை என்றால் அது கணக்கில் வராது.

கிடைக்கவில்லை என்றால் 'கிடைக்கவில்லை' என்று போடுங்கள். புதியவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு இதைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். உங்கள் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் டப்பா போய்விட்டதோ என்று உரிமையாளர் நேரில் போய்ப் பார்ப்பார், அடுத்து வருகிறவர் வீணாக அலையாமல் இருப்பார். தாள் நிரம்பியிருந்தால், நனைந்திருந்தால், மூடி உடைந்திருந்தால் அதையும் எழுதுங்கள். உரிமையாளர் கவனத்துக்கு என்று தனி லாக்கே இருக்கிறது.

லாக்கில் 'டிஎஃப்டிசி' என்ற நாலெழுத்தை நிறையப் பார்ப்பீர்கள், கேச்சுக்கு நன்றி என்பதன் சுருக்கம். அதை மட்டும் போட்டுவிட்டுப் போவது எனக்குப் பிடிப்பதில்லை. ஒருவர் கைக்காசு போட்டு, நாள் செலவழித்து வைத்த டப்பாவுக்கு இரண்டு வாக்கியமாவது எழுதலாம்: எப்படி வந்தீர்கள், எது பிடித்தது, வழியில் என்ன பார்த்தீர்கள். மறைவிடத்தை மட்டும் உடைத்துச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து என்ன

டிரெடிஷனல் பழகிய பிறகு மல்டி போகலாம். முதல் இடத்தில் கிடைக்கும் துப்பு இரண்டாம் இடத்துக்கு அனுப்பும், கல்வெட்டில் உள்ள ஆண்டை எடுத்துக் கூட்டிக் கழிப்பது போல. மிஸ்டரியை வீட்டில் உட்கார்ந்து விடுவிக்கலாம். உண்மையான டப்பா, பொய்யாகக் காட்டும் புள்ளியிலிருந்து வழக்கமாக 3 கிலோமீட்டருக்குள்தான் இருக்கும், ஆகவே உங்கள் விடை பக்கத்து நாட்டைக் காட்டினால் கணக்கைத் திரும்பப் போடுங்கள். எர்த்கேச்சில் டப்பாவே கிடையாது, ஒரு பாறையையோ நீரூற்றையோ நேரில் பார்த்து நிலவியல் கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். ஈவன்ட் என்பது தேடுபவர்கள் ஓரிடத்தில் கூடுவது. ஒரே மாலையில், பத்து வகை டப்பாவையும் கையில் எடுத்துப் பார்க்கலாம், அதனால் புதியவர்கள் சீக்கிரமே ஒன்றுக்குப் போய்வருவது நல்லது.

சொந்தமாக ஒளித்துவைக்கும் ஆசை இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடும். குறைந்தது 20 கேச்சாவது கண்டுபிடித்த பிறகு வையுங்கள் என்று தளமே சொல்கிறது. எந்த டப்பாவில் தண்ணீர் புகுகிறது, எது ஒரு வருடம் தாங்குகிறது என்பதெல்லாம் மற்றவர்கள் வைத்ததைப் பார்த்துத்தான் தெரியும். வேறொரு கேச்சின் டப்பாவிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், நிலத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும், இரண்டையும் பார்க்கத் தன்னார்வச் சரிபார்ப்பாளர்கள் இருக்கிறார்கள். எண்களை ஒரே தடவை எடுத்துப் போட்டுவிடாமல், வேறு வேறு நாட்களில் போய் எடுத்துச் சராசரி பாருங்கள். எளிதாகத் திரும்பப் போய்ப் பார்க்க முடிகிற தூரத்தில் வையுங்கள். சுற்றுலா போன இடத்தில் வைத்துவிட்டு வந்தால் யார் போய்த் தாள் மாற்றுவது? பராமரிக்க முடியாத நிலை வந்தால் பக்கத்தை ஆர்க்கைவ் செய்துவிடுங்கள் (அதாவது நிரந்தரமாக மூடிவிடுங்கள்), செய்த கையோடு நேரில் போய் டப்பாவையும் எடுத்து வந்துவிடுங்கள்.